விட்டதே கணக்கு

"நூலுக்கா வந்திருக்கீங்க?" என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் கேட்டாள்.

"நூல் என்கிட்டயே நிறைய இருக்கும்மா. நான் நோட்டுக்கு வந்திருக்கேன்," என்றாள் டெய்லரக்கா.

பக்குவ நிலையத்தோடு அவளுக்கு ஏற்பட்ட உறவு இப்படி முதல் வார்த்தையிலேயே கோணிக்கொண்டது. அந்தக் கட்டிடத்தில் நூல் என்றால் ஒரே ஒரு நூல்தான். ஏழாம் அறையில், இரும்புப் பெட்டிக்குள், இருபத்தாறு வருடமாக யாரும் படிக்காமல் பத்திரமாக இருக்கும் மறைநூல். அதைப் படிக்கும் பக்குவம் யாருக்கு வந்திருக்கிறது என்று அளந்து சொல்வதற்காகவே நிலையம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாடி, அறுபது ஊழியர்கள், சொந்த அச்சகம். இதுவரை ஒருவருக்கும் பக்குவம் வந்ததாகத் தகவல் இல்லை. வேலை அவ்வளவு கறார்.

டெய்லரக்காவைக் கேட்டால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவளுடைய அம்மாவின் அளவு நோட்டு.

நடந்தது இவ்வளவுதான். அம்மாவும் டெய்லர். நிலையத்தை நிறுவிய பெரியவருக்கு மேலங்கி தைத்துக் கொடுத்தவர். கடைசியாக அளவெடுக்கப் போன அன்று பெரியவர் வழக்கம்போல் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூச்ச விடுங்கய்யா, அளவு தப்பா வருது" என்றார் அம்மா. பெரியவர் விட்டார். அம்மா குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெரியவர் மூச்சை இழுக்கவே இல்லை. நோட்டை அப்படியே போட்டுவிட்டு அம்மா தண்ணீர் கொண்டுவர ஓடினார். திரும்பி வந்தபோது அறை நிறையச் சீடர்கள். பெரியவரின் காலடியில் திறந்து கிடந்த நோட்டை ஒருவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்.

"அது என்னுதுங்க" என்று அம்மா சொன்னது அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அதன்பிறகு வருடா வருடம் போய்ச் சொன்னார். வருடா வருடம், "உங்களுக்கு இன்னும் பக்குவம் வரலம்மா" என்று வாசற்படியிலேயே சொல்லி அனுப்பினார்கள். போன வருடம், எழுபத்து மூன்று வயதில், முட்டிவலியோடு இருபத்திரண்டு படி ஏறிப் போனார். அதே பதில். இரண்டு மாதம் கழித்துப் படுக்கையில் கிடந்தபடி மகளைக் கூப்பிட்டு, "அந்த நோட்டுல கடைசிப் பக்கத்துல உன்னப் பத்தி ஒரு வரி எழுதி வச்சிருக்கேன். நான் சொன்னா நீ சிரிப்பே. நீயே படிச்சுக்கோ," என்றார். அவர் கோர்வையாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த ஒரு வரிக்காகத்தான் டெய்லரக்கா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். அம்மாவை முட்டிவலியோடு திருப்பி அனுப்பிய ஆட்களிடம் கெஞ்சுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

மேசைப் பெண் ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். அதை வாங்கும்போதுதான் டெய்லரக்கா கவனித்தாள். அந்தப் பெண்ணுக்கு இடது தோள் சரிந்திருந்தது. பாவம், பிறவிக் குறை என்று நினைத்தாள். பக்கத்தில் கோப்பு தூக்கிக்கொண்டு போனவருக்கும் இடது தோள் சரிந்திருந்தது. வாசல் காவலாளிக்கும் அப்படியே. படியில் இறங்கி வந்த நான்கு பேரும் ஒரே கடையில் தவறாகத் தைத்த சட்டை போட்டவர்கள் மாதிரி இடப்பக்கம் சாய்ந்தே வந்தார்கள். இருபத்தைந்து வருடத் தொழிலில் இத்தனை சரிந்த தோள்களை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

பிறகு சுவரைப் பார்த்தாள். தங்க எழுத்தில் நான்கு வரி பொறித்திருந்தது. கீழே, நோட்டில் அந்த வரிகள் இருந்த பக்கத்தைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சந்தேகமே இல்லை, அம்மாவின் கையெழுத்து.

தோள் பதினெட்டு.
இழுத்தால் நாற்பத்திரண்டு, விட்டால் நாற்பத்து நான்கு. விட்டதே கணக்கு.
இடது தோள் இறக்கம்.
சொல்லாதே. பஞ்சு வை.

ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த யாருக்கும் இது புரிந்துவிடும். பெரியவருக்கு வயிறு நாற்பத்து நான்கு இஞ்ச், மூச்சை இழுத்துக்கொண்டு ஏமாற்றினால் நாற்பத்திரண்டு. இடது தோள் கொஞ்சம் இறக்கம். அதை வெளியே சொன்னால் மனுஷன் முகம் சுண்டிவிடும். ஆகவே சொல்லாமல், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து நேராக்கிவிடு. அம்மா தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு.

"நாலு வரியையும் பார்த்துட்டீங்களா அக்கா?" என்று மேசைப் பெண் பரவசத்தோடு கேட்டாள். "பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி திறந்திருந்த பக்கம் இதுதான். இதுக்கே பன்னிரண்டு தொகுதி உரை வந்திருக்கு. 'சொல்லாதே'ங்கிற ஒரு சொல்லுக்கு மட்டும் ரெண்டு தொகுதி."

"அப்படி என்ன சொல்லியிருக்காங்க அதுல?"

"ஒண்ணும் சொல்லலக்கா. ரெண்டும் வெறும் பக்கந்தான்."

அப்போது மணி அடித்தது. கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். நாற்பத்திரண்டு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நாற்பத்து நான்கு எண்ணும்வரை விட்டார்கள். முப்பதை நெருங்கும்போது மேசைப் பெண்ணின் முகம் நீலம் பாரித்தது. மாடியில் யாரோ தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. மயங்கி விழுகிறவர்களுக்கென்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். விழுந்தவர் பெயருக்கு எதிரே 'லேசான அனுபவம்' என்று பதிவேட்டில் ஏறும்.

விண்ணப்பத்தில் முப்பத்தோரு கேள்விகள் இருந்தன. பதினான்காவது கேள்வி: இந்த விண்ணப்பத்தை நிரப்பும் அளவுக்குத் தங்களுக்குப் பக்குவம் உண்டா? உண்டு எனில் தங்கள் அகந்தைக்கான காரணத்தை எழுதுக. இல்லை எனில் நிரப்புவதை இத்துடன் நிறுத்துக. டெய்லரக்கா அந்த இடத்தில், "நோட்டு எங்கம்மாவுது" என்று எழுதிக் கொடுத்தாள்.

அவளை இரண்டாம் மாடியில் பக்குவ அளவையாளரிடம் அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர். தலையை அசைக்கும்போதெல்லாம் தோள் நினைவுக்கு வந்து இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"அளவெடுக்கிறது, வெட்டுறது, தைக்கிறது."

"நானும் அளவெடுக்கிறவன்தான். ஆனா நான் உள்ளத்த அளக்குறேன்."

"டேப்பு எங்க?"

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "நூலப் படிக்கணும்னு ஆசை இருக்கா?"

"இருக்கு. அதுக்குத்தானே வந்தேன்."

"ஆசை இருக்கிறவங்களுக்குப் பக்குவம் வரலன்னு அர்த்தம்."

"சரி, ஆசை இல்லன்னே வச்சுக்குங்க."

"ஆசை இல்லாதவங்களுக்கு நூல் எதுக்கு?"

"அப்ப யாருக்குத்தான் குடுப்பீங்க?"

"இந்தக் கேள்வியக் கேக்காதவங்களுக்கு."

"கேக்காம இருந்தா குடுத்துடுவீங்களா?"

"கேக்காதவங்களுக்குக் குடுக்கிற வழக்கம் இல்லம்மா," என்றார் அளவையாளர், மிகவும் பொறுமையாக.

டெய்லரக்கா கைப்பையைத் திறந்து அம்மா எழுதிய பழைய கடைச் சீட்டுகள் சிலவற்றை மேசைமேல் பரப்பினாள். "அது அளவு நோட்டுங்க. இந்தச் சீட்டுல இருக்கிற கையெழுத்தையும் கீழ சட்டம் போட்டு மாட்டியிருக்கிற கையெழுத்தையும் வச்சுப் பாருங்க."

அவர் தன் இழுப்பறையிலிருந்து அந்தப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா. ரெண்டும் ஒரே கையெழுத்துதான்," என்று ஒப்புக்கொண்டார். "உங்கம்மா பெரியவரோட கையெழுத்த அப்படியே உள்வாங்கியிருக்காங்க. லேசுப்பட்ட காரியம் இல்ல. அவங்களுக்குப் பக்குவம் இருந்திருக்கு."

"அப்ப அவங்க கேட்டப்ப ஏன் குடுக்கல?"

"உயிரோட இருக்கும்போது எங்களுக்குத் தெரியலம்மா."

டெய்லரக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த இருபத்திரண்டு படிகளில் அம்மா ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கியதை அவள் கீழே நின்று பார்த்தவள். மேசைமேல் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வீசலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"கோபம் வருதா?" என்று அளவையாளர் பேனாவைத் திறந்தார்.

"வருது. நல்லா பெரிய எழுத்தா எழுதிக்குங்க."

முடிவு மறுநாளே கடைக்கு வந்து சேர்ந்தது. 'சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் குறை. முற்றிய நிலை. தொண்டால் தணியக்கூடும்.' கூடவே ஒரு ஆணை. நிலையத்தின் நிறுவன நாள் அடுத்த மாதம் வருகிறது. அன்றைக்குத் தலைமைப் பக்குவர் அணியவிருக்கும் புது மேலங்கியை விண்ணப்பதாரர் தைத்துத் தரவேண்டும்.

தொண்டு என்றால் என்னவென்று மேசைப் பெண்தான் தொலைபேசியில் விளக்கினாள். பக்குவம் வேண்டி வருகிறவர்கள் அவரவர் கைவேலையை நிலையத்துக்குச் செய்து கொடுத்தால் பக்குவம் கூடும். குழாய் வேலை செய்கிறவர் ஒருவர் ஏழு வருடமாகப் பக்குவப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிடத்தில் ஒரு குழாய்கூட ஒழுகியது கிடையாது. பெயின்டர் ஒருவர் இரண்டு முறை முழுக் கட்டிடத்தையும் அடித்து முடித்துவிட்டு, பக்குவம் இன்னும் அரைகுறையாக இருப்பதாகத் தெரிந்து மூன்றாவது தடவை ஆரம்பித்திருந்தார்.

"நீ எத்தன வருஷமா இருக்க?" என்று டெய்லரக்கா கேட்டாள்.

"பதினோரு வருஷம்கா. நானும் நூல் படிக்கத்தான் வந்தேன். காத்திருக்கச் சொன்னாங்க. சும்மாதானே உக்காந்திருக்க, இந்த ஃபோன எடுன்னாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் நிதானமாகப் பேசுவார்.

"முற்றிய நிலைன்னு போட்டிருக்காங்களே, மருந்து ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நான் தைக்கப் போறதில்ல."

"தைக்காட்டி உள்ள விடமாட்டாங்க. உள்ள போகாட்டி நோட்டு எங்க இருந்து வரும்? அதோட இன்னொண்ணு கீழ சின்ன எழுத்துல இருக்கு, பாத்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை. நிறுவன நாளன்று புதுக் கட்டிடத்தின் தூணுக்குள் நூலை வைத்துக் கான்கிரீட் ஊற்றப்போகிறார்கள். தகுதியுடையவர் எவரும் இக்காலம்வரை வராத காரணத்தால், தகுதியற்றவர் எவரும் எக்காலத்திலும் படித்துவிடாதிருக்க வேண்டி இந்த ஏற்பாடு.

ஒரு மாதம். அதற்குள் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் அம்மாவின் அந்த ஒரு வரி சிமென்ட்டோடு போய்விடும். டெய்லரக்கா எழுந்து போய் டேப்பையும் தன் அளவு நோட்டையும் பென்சிலையும் பைக்குள் எடுத்து வைத்தாள்.

தலைமைப் பக்குவரின் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அவர் அதன் முன்னே நின்று, இடது தோளைத் தாராளமாக இறக்கிக்கொண்டு, கைகளை விரித்தார். வெளியே மேடைகளில் கணீரென்று பேசும் மனிதர். பக்கத்தில் பார்த்தால் சாதாரண உயரம்தான்.

"தோள நேரா வைங்கய்யா."

"இதுதான் நேர்."

அவள் டேப்பை வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தாள். வயிறு சட்டென்று உள்ளே போனது. அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். நாற்பத்திரண்டு எண்ணிப் பழகியவர் ஆதலால் சுலபத்தில் மசியவில்லை. கடைசியில் உடம்பு தன் வேலையைக் காட்டியது. புஸ்ஸென்று காற்று வெளியேற, வயிறு டேப்பைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

"இழுத்தா நாப்பத்தாறு, விட்டா நாப்பத்தெட்டரை," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டெய்லரக்கா தன் நோட்டில் எழுதினாள். பழக்கதோஷம். அம்மா எழுதுகிற மாதிரியேதான் அவளும் எழுதுவாள். விட்டதே கணக்கு என்று பக்கத்தில் போட்டுக் கோடு கிழித்தாள்.

தலைமைப் பக்குவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு போய்க் கதவைத் தாழிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் நேராக இருந்தன.

"அந்தம்மா மகளா நீங்க?"

டெய்லரக்கா திடுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பதவிக்கு வந்த முதல் வருஷம் பெட்டியத் திறந்து பார்த்தேன். ரெண்டாம் பக்கத்துல, 'பால்காரர் கால்சட்டை, உட்காரும் இடத்தில் இரட்டைத் தையல்'னு இருந்துச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு என்ன தத்துவம்னு நான் மூணு மாசம் தூங்காம யோசிச்சேன். அப்புறம்தான் பால்காரர் கால்சட்டைன்னா பால்காரர் கால்சட்டைதான்னு புரிஞ்சுது."

"தெரிஞ்சும் எங்கம்மாவத் திருப்பி அனுப்பினீங்க."

"நான் சொல்றதக் கேளுங்க. இங்க அறுபது பேரு இருக்காங்க. வெளிய ஆயிரம் பேரு காத்திருக்காங்க. ஏதோ ஒண்ணு உள்ள இருக்கு, நமக்கு இன்னும் பக்குவம் வரலன்னு நம்புற வரைக்கும் ஜனங்க எவ்வளவு அடக்கமா இருக்காங்க பாருங்க. குழாய் ஒழுகுதா? சுவத்துல ஒரு கறை உண்டா? கதவத் திறந்துவிட்டா நாளைக்கே எல்லாரும் எந்திரிச்சு நேரா நின்னுடுவாங்க. அப்புறம் நான் யாருக்குத் தலைமை? பக்குவம்னா என்னன்னு நினைக்கிறீங்க? தெரிஞ்சத வெளிய சொல்லாம இருக்கிறதுதான் பக்குவம். அந்த வகையில இந்தக் கட்டிடத்துல பக்குவம் வந்த ஒரே ஆள் நான்தான்."

அவர் மேசையைத் திறந்து ஒரு கெட்டி அட்டையை எடுத்தார். 'பக்குவம் பெற்றவர்' என்று அச்சடித்து, பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. நிலையத்தின் வரலாற்றில் முதல் சான்றிதழ். "இத உங்களுக்குத் தர்றேன். வாயத் திறக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

"எங்கம்மா கிழவியா அந்தப் படியேறி வந்தாங்க. நீங்க ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க." அவள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "நான் கையெழுத்துப் போடமாட்டேன். மேலங்கி வேணும்னா நோட்டு என் கைக்கு வரணும். அவ்வளவுதான்."

ஆயிரம் பேர் முன்னால் பழைய மேலங்கியோடு நிற்பதைத் தலைமைப் பக்குவர் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். "தூணுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். தனியா. ஏழாம் அறையில," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மேலங்கிய நாப்பத்தாறுக்கே தைச்சிடுங்க," என்றார்.

"விட்டதே கணக்குங்கய்யா. உங்க சுவத்துலயே எழுதியிருக்கு."

"அது சீடர்களுக்கு. நாப்பத்தாறு."

வாடிக்கையாளர் கேட்டபடி தைத்துக் கொடுப்பது தொழில் தர்மம். டெய்லரக்கா நாற்பத்தாறுக்கே தைத்தாள். நூல் பிடித்தாற்போல் நேரான தையல், முன்பக்கம் பதினோரு பொத்தான், காலர் கத்தி மாதிரி. காலர் வெட்ட அச்சு அட்டை தேவைப்பட்டது. தலைமைப் பக்குவர் நீட்டிய சான்றிதழைக் கையெழுத்துப் போடாமலே பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்; நல்ல கெட்டியாக இருந்ததால் அதையே வெட்டிக்கொண்டாள்.

நிறுவன நாளன்று காலை பெரிய கூடத்தில் ஆயிரம் பேர் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். புனித நாள் ஆகையால் ஆளுக்கு இரண்டு உருண்டை பஞ்சு கொடுத்து, நாலாவது வரியில் சொன்னபடி காதில் வைக்கச் செய்திருந்தார்கள். தலைமைக்கு மட்டும் பஞ்சு தேவைப்படுவதில்லை. அவர் மேடையில், புது மேலங்கியில், ஒலிவாங்கி முன்னே நின்று உரையாற்றினார். யாருக்கும் கேட்கவில்லை. கேட்காததால் உரை ஆழமாக இருப்பதாக எல்லாரும் உணர்ந்தார்கள்.

"அன்பர்களே. இருபத்தாறு ஆண்டுகள். ஒரு நூலை. படிக்காமல். காத்திருக்கிறோம்," என்றார் அவர். மேலங்கிக்குள் அவ்வளவுதான் மூச்சு இருந்தது. "படித்தவர்கள். போய்விடுவார்கள். படிக்காதவர்களே. நம்மோடு. இருப்பார்கள்."

அதே நேரத்தில் ஏழாம் அறையில் அளவையாளர் பெட்டியைத் திறந்து, நோட்டை டெய்லரக்காவின் கையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். காக்கி நிற அட்டை. ஓரத்தில் சாக்கட்டிக் கறை. முதுகில் அம்மா ஊசி குத்தி வைக்கும் சின்னத் துணிப்பட்டை. அதில் ஒரு ஊசி துருப்பிடித்து இன்னும் இருந்தது. டெய்லரக்கா அட்டையை முகத்தோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

கடைசிப் பக்கத்தைத் திறக்கக் கை போனது. திறக்கவில்லை. இவர்கள் கொடுத்த பத்து நிமிடத்தில், இவர்கள் பூட்டி வைத்த அறையில், காவலுக்கு ஒரு ஆள் நிற்க, தன் அம்மா எழுதியதைப் படிக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நோட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து நடந்தாள்.

"அம்மா, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு," என்றார் அளவையாளர்.

"நீங்க வச்சுக்குங்க."

அவர் பின்னாலேயே ஓடி வந்தார். கூடத்துக்குள் நுழைந்தபோது மணி அடித்தது. அடித்த மணிக்கு நிற்காமல் இருக்க அவருக்குப் பழக்கம் இல்லை. நின்ற இடத்திலேயே கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பஞ்சையும் மீறி மணி தரையை அதிரவைத்ததில் ஆயிரம் பேரும் இழுத்தார்கள். அந்த அமைதியில் டெய்லரக்கா நடுவழியில் போய் நின்று, நோட்டைத் திறந்து, உரக்கப் படித்தாள்.

"பால்காரர் கால்சட்டை, உட்காரும் இடத்தில் இரட்டைத் தையல். தபால்காரர் சட்டை, வலது பக்கம் பை பெரிது. எதிர்வீட்டு நர்ஸ், கை சுருட்ட வசதி வேண்டும்."

பஞ்சு வைத்திருந்த ஒருவர் காதிலும் விழவில்லை. மேடையில் இருந்தவருக்கு விழுந்தது. நிறுத்து என்று கத்தத் தலைமைப் பக்குவர் மூச்சை இழுத்தார். இழுத்ததை விட்டால்தான் குரல் வரும். விட்டதும் நடுப் பொத்தான் தெறித்து ஒலிவாங்கியில் டங்கென்று பட்டது. அடுத்த பொத்தானுக்கு நூல் இழுபட்டு நிற்பதை டெய்லரக்கா அவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்தாள். அவரும் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், மூச்சை இழுத்தபடி நின்றுவிட்டார்.

மேசைப் பெண் முன்வரிசையில் இருந்தாள். பொத்தான் உருண்டு வந்து காலில் பட்டதும் கண்ணைத் திறந்தவள், திரும்பிப் பார்த்து, காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"என்னக்கா படிக்கிறீங்க?"

"எங்கம்மா நோட்டு. வா, நீயே படி."

"எனக்குப் பக்குவம் வரலயேக்கா."

"எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்ல? அது போதும்."

அவள் பயந்து பயந்துதான் எழுந்து வந்தாள். பதினோரு வருடம் அந்த நோட்டுக்காக ஃபோன் எடுத்தவள். விரலை வைத்து ஒரு பக்கம் படித்தாள், இரண்டு பக்கம் படித்தாள். முதலில் உதடு துடித்தது, கண் கலங்கியது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோளும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தம் கேட்காவிட்டாலும் சிரிக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் என்னவென்று கேட்கத் தோன்றும். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பஞ்சை எடுத்தார்கள். குழாய்க்காரர் எடுத்தார். பெயின்டர் எடுத்தார். நோட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. இது என் அப்பா அளவு என்று ஒருவர் கூவினார். அவர் தபால்காரரின் மகன்.

டெய்லரக்கா நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். கதவருகில் நின்று மேடையைப் பார்த்தாள். தலைமைப் பக்குவர் இன்னும் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, மூச்ச விடுங்க. உள்பக்கம் ரெண்டு இஞ்ச் மடிச்சுத்தான் தைச்சிருக்கேன். கடைக்குக் கொண்டாங்க, பிரிச்சு விடுறேன். நாப்பத்தெட்டுக்கு வரும், அரை இஞ்ச் நீங்க குறைங்க."

வெளியே இருபத்திரண்டு படிகளில் நடுப் படியில், அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில், அவள் உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வீட்டு ஆட்களின் அளவைப் பின்னாலிருந்து எழுதுவது அம்மாவின் வழக்கம். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

மகள். வயது பதினேழு. தோள் பதினான்கு. இனி வளராது என்கிறார்கள். வளரும். உள்ளே இரண்டு இஞ்ச் விட்டுத் தை.

அம்மா சொன்னபடியே அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பதினேழு வயதில் பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர்களிடையேயும் அக்கம்பக்கத்திலும் அவளைப் பற்றி என்னென்ன சொன்னார்கள் என்று அவளுக்கு நினைவிருந்தது. அதற்கெல்லாம் அம்மா எதிர்ப்பேச்சுப் பேசி அவள் கேட்டதே இல்லை. இங்கே எழுதி வைத்திருக்கிறார்.

மேசைப் பெண் உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது தோள் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. வலித்திருக்கும் போல, கையால் தேய்த்து விட்டுக்கொண்டாள்.

டெய்லரக்கா பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்து அவளிடம் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தாள். "என் தோள அளந்து சொல்லு. இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும். இறுக்கிப் பிடிக்காத."

அந்தப் பெண் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அளவெடுத்தாள். குனிந்து, எண்ணைச் சரிபார்த்து, இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "பதினஞ்சரைக்கா," என்றாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அம்மாவின் வரிக்குக் கீழே டெய்லரக்கா எழுதினாள்: மகள். வயது நாற்பத்து மூன்று. தோள் பதினைந்தரை. இன்னும் அரை இஞ்ச் இருக்கிறது.